களி ஒருவருக்கு, சோறு மற்றவர்க்கா?

கடத்தூர்ப் பக்கம் வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை என்றால், அவருக்கு மட்டும் கேழ்வரகுக் களி, மற்றவர்களுக்கு நெல்லுச்சோறு. பத்து நாள் பொறுப்பார். பதினோராம் நாள் பேரன் தட்டில் கை வைப்பார். அவரைத் திட்டி என்ன பயன்?

2023இல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. வீடே களி தின்னலாமே! ஆனால் களியும் மாவுச்சத்துதான். இரண்டு உருண்டை போட்டால் சர்க்கரை ஏறும். சலிக்காத மாவில் சிறு உருண்டை ஒன்று, பாதித் தட்டுக்குக் கீரையும் அவரையும், கொஞ்சம் கொள்ளுக் கடைசல் போதும். மாத்திரை, ஊசி போடுபவர் சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் மயக்கம் வரலாம். மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

கல்யாணப் பந்தியில்? பக்கத்து இலையில் மனைவி உட்கார்ந்தால் இரண்டாவது ஜாங்கிரி வராது.