வால்வு செட்டும் டிரான்சிஸ்டர் செட்டும்

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் மாமா வீட்டுப் பரணை ஒதுங்க வைத்தபோது இரண்டு அகுஜா ஆம்ப்ளிஃபையர்கள் கிடைத்தன. ஒன்று வால்வு, இன்னொன்று டிரான்சிஸ்டர். மாமா மேலூர்ப் பக்கம் மைக்செட் போட்டவர். அந்தக் காலத்து மைக்செட்காரர்களுக்கு, 1940-ல் தொடங்கிய இந்த டெல்லிக் கம்பெனிதான் எல்லாம்.

வால்வு செட் கனம், பாதிக் கனம் டிரான்ஸ்பார்மர். சுவிட்சைப் போட்டதும் பாடாது. இழை சூடேறிச் சிவக்கும்வரை பொறுக்க வேண்டும். "அதுக்கும் காப்பி குடிச்சாத்தான் மாப்ள வேலை ஓடும்" என்பார். சத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டினாலும் மெல்ல மெல்லத்தான் கரகரக்கும். டிரான்சிஸ்டரோ எல்லை தாண்டினால் அலையின் உச்சி பட்டென்று வெட்டுப்பட்டுக் காது கூசும். ஆனால் போட்டதும் பாடும், கார் பேட்டரியில் ஓடும். கரண்ட் நிலையில்லாத ஊர்களில் அது ஜெயித்தது நியாயம்தான்.

வால்வின் இனிமைக்கு உருகுகிறவர்களிடம் ஒன்று கேட்கணும். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் எந்த செட்டைக் கோத்தாலும் தவில் தகரமாகத்தானே கேட்கும்? நாகஸ்வரம் மட்டும் அடுத்த ஊர்வரை போகும்.

டிரான்சிஸ்டர் செட் இப்போதும் பாடுகிறது. மற்றதற்கு வால்வு போய்விட்டது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸின் பழைய வால்வு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.