பிரிக்கிற வேலை

மானந்தவாடி சாலையிலுள்ள மைசூர் பட்டு நெசவாலைக்கு நண்பர்தான் அழைத்துப் போனார். 1912-இல், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கிய ஆலை. தறிச் சத்தத்தில் அவர் விளக்கியதில் பாதி காதில் விழவில்லை. ஒன்று மட்டும் மனதில் தங்கியது. பட்டுக்கூட்டில் நூல் இழுத்தபின் மேல்பஞ்சும் இழுபடாத உள்தோலும் மிஞ்சும். அதை எறிவதில்லை. சீவி, பஞ்சாக்கி, மறுபடி நூற்கிறார்கள். இந்த ஆலையை நடத்தும் நிறுவனத்துக்கே சென்னபட்டணத்தில் அதற்கென ஓர் ஆலை இருந்தது. பட்டுக் கழிவுக்கு விலை உண்டு. அதனால் எடையும் கணக்கும் உண்டு.

தையல்கடைத் துண்டுத் துணிக்கு விலையும் இல்லை, கணக்கும் இல்லை. மத்திய அரசின் தூய்மை நகரங்கள் பட்டியலில் 2015, 2016 இரண்டிலும் முதலிடம் பெற்ற ஊர் மைசூர். இங்கேயும் ரவிக்கை வெட்டிய மிச்சம் குப்பை வண்டியில்தான் ஏறுகிறது. அதில் சில மூட்டைகள், நண்பர் துணைநிற்கும் பெண்கள் குழுவுக்கு வந்து கால்மிதியாகவும் பையாகவும் மாறுகின்றன. குழுவுக்கு நிதி உதவி செய்பவர்கள் பலன் என்னவென்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். அதை நிரப்பத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். எத்தனை கிலோ, எத்தனை பேர் என்று இரண்டே கேள்விகள்.

மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த அக்கா கொள்ளேகால் பக்கம். 1956 வரை கோவை மாவட்டத்தோடு இருந்த தாலுகா அது. வீட்டில் தமிழ்தான் பேசுவார்களாம். விரலால் தடவியே பருத்தி ஒரு பக்கம், ஜார்ஜெட் ஒரு பக்கம் என்று போட்டார். சந்தேகம் வந்தால் ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினார். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலானது. பாலியஸ்டர் உருகி, கடுகுபோல் உருண்டு இறுகியது. இரண்டும் கலந்த துணிதான் அவருக்குப் பெரிய தலைவலி.

"பிரிக்கிறதுலயே பாதி நாள் போயிடுதுண்ணா. காசு முடிஞ்ச கால்மிதிக்கு மட்டும்தான்."

பன்னிரண்டு வயதில் அம்மாவோடு பட்டுக்கூடு பொறுக்கப் போனவர். கணவர் இறந்தபின் மைசூர் வந்து வீட்டு வேலை, பிறகு தையல். இப்போது கண் மங்குவதால் ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிடுகிறார். ஆனாலும் துணி பிரிப்பதில் குழுவில் அவருக்கு ஈடு யாருமில்லை. அந்தத் திறமைக்குக் கூலிச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை.

கோபம் வந்தது எனக்கு. கால்மிதியைக் கடனுக்கு எடுத்துப் போகும் வியாபாரி, விற்காததைத் திருப்பித் தருகிறார். விற்றதில் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று சீட்டு ஒட்டி விலையை ஏற்றுகிறார். நட்டம் இவர்களுக்கு, நற்பெயர் அவருக்கு. பூமியைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்ளும் யாரும், அதற்காகக் குனிந்து உட்கார்ந்தவளின் மணிக்கணக்குக்கு உரிய கூலியைக் கொடுத்தபின் சொல்லட்டும்.

கிலோக் கணக்கும் முழு உண்மை சொல்வதில்லை. வாங்கியவர் இந்தக் கால்மிதிக்குப் பதில் புதிய பிளாஸ்டிக் கால்மிதி வாங்கியிருப்பாரா? அப்படியானால்தான் ஒரு புதுப்பொருள் மிச்சம். இது எத்தனை துவைப்புக்குத் தாங்கும்? வாங்கியவர்களிடம் ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

படிவத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு இழுத்து, பிரிக்கும் நேரம் என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அக்கா எழுந்து, எதற்கும் ஆகாத துணியை அள்ளிப்போட்ட சாக்கைத் தராசுக்கு இழுத்து வந்தார்.

"வந்ததை மட்டும் எழுதுறீங்களே. இது திரும்பக் குப்பைக்குத்தானே போகுது, இதையும் எழுதுங்கண்ணா."

அதற்கும் ஒரு கட்டம் போட்டோம்.