பட்டறையும் பட்டப்படிப்பும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள். இஷாத் தொழுகை முடிந்து அண்ணனூரில் உள்ள என் வீட்டிற்குத் திரும்பியபோது, அக்காவின் கணவர் வாசலில் காத்திருந்தார். முகம் வாடியிருந்தது.

“மாப்பிள்ளை, உங்கள் மருமகனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும். பி.பி.ஏ. படிக்கப் போகிறானாம். அதிலும் தொழில் புத்தாக்கம், தொழில்முனைவு என்று ஏதோ ஒரு பிரிவாம். வியாபாரம் செய்ய மூன்று வருடம் கல்லூரிக்குப் போக வேண்டுமா? என் அத்தா எந்தக் கல்லூரியில் படித்தார்? மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தாலாவது பட்டறைக்கு உதவும்” என்றார்.

மச்சானுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை இருக்கிறது. நான்கு இயந்திரங்கள், ஆறு தொழிலாளர்கள். இருபது ஆண்டுகளாக இரு சக்கர வாகன எஞ்சினுக்குரிய சிறு உதிரிப்பாகம் ஒன்றை ஒரே நிறுவனத்திற்குச் செய்து கொடுத்து வந்தார். அந்த வருவாயில்தான் அக்காவின் குடும்பம் தலைநிமிர்ந்தது. ஆனால் மின்சார ஸ்கூட்டரில் எஞ்சின் கிடையாது. ஆர்டர் மெல்லக் குறையத் தொடங்கியிருந்தது. அந்தக் கவலையையும் சேர்த்தே அவர் மகன் மீது கோபமாகக் காட்டுகிறார் என்பது எனக்குப் புரிந்தது.

“சொல்கிறேன் மச்சான்” என்று உடனே கூறியிருக்கலாம். ஆனால் நாவு எழவில்லை. காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன் கைப்பேசிக் கடை வைக்க விரும்பினான். “முதலில் ஏதேனும் வணிகப் படிப்புப் படிக்கட்டுமா ஹஜ்ரத்?” என்று கேட்டான். “வியாபாரம் நம் இரத்தத்தில் ஊறியது தம்பி. பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கு” என்றேன். வரலாற்றில் பி.ஏ. படித்தவன் நான். காயல்பட்டினம், கீழக்கரை, பரங்கிப்பேட்டை மரக்காயர்கள் கடல் கடந்து வாணிபம் செய்த பெருமையையும் அவனிடம் எடுத்துரைத்தேன். அவன் உறவினரிடம் கைமாற்று வாங்கிக் கடை திறந்தான். தெரிந்தவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்தான். எதையும் எழுதி வைக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. கடனை அடைக்க வளைகுடா சென்றவன், தன் தந்தையின் ஜனாஸாவிற்குக்கூட வர இயலவில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்வார்கள். இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக் கொள்ளப் பணிக்கும் வசனம் அது. அதை அம்மாணவனுக்கு ஓதிக் கொடுத்தவன் நானே. ஓதக் கற்பித்தேனே தவிர, ஒரு கணக்கேட்டைத் திறந்து எழுதக் கற்பித்தேனில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றும் என் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது.

ஆகவே மச்சானிடம், “முதலில் அவன் என்ன படிக்கப் போகிறான் என்று கேட்டுத் தெரிந்து கொள்கிறேன்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மருமகன் பாடத்திட்டத்தைக் கொண்டு வந்து காட்டினான். கணக்குப் பதிவியல், வணிகச் சட்டம், புள்ளியியல், சந்தையியல் ஆகியவற்றோடு புத்தாக்கமும் ஒரு பாடம். “புதிய பொருளைக் கண்டுபிடிப்பது மட்டும்தான் புத்தாக்கம் என்று நினைக்காதீர்கள் மாமா” என்றான். அவன் சொன்னதைக் கேட்டு நானும் தேடிப் படித்தேன். ஆஸ்திரியப் பொருளியல் அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் 1911இல் வெளிவந்த தம் நூலில் அதை ஐந்து வகையாகப் பிரித்தார். புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருள் கிடைக்கும் புதிய இடம், தொழிலின் புதிய அமைப்பு என்பன அவை.

இவற்றிற்கு நம் மண்ணிலேயே சான்றுகள் உண்டு. பாட்டில் ஷாம்பு வாங்க வசதியற்றவர்களும் வாங்கட்டும் என்று அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் கண்டவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவைத் தொடங்கி, அந்த வழியில் சிற்றூர்களுக்கெல்லாம் கொண்டு சேர்த்தார். ஷாம்பு பழையது, சந்தை புதிது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒருவருக்கு அறுவை முடியும்போதே அடுத்தவர் ஆயத்தமாக இருக்கும்படி வேலையை ஒழுங்கு செய்தார்கள். கண்ணுக்குள் பொருத்தும் லென்சை 1992இல் மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கி, அதன் விலையைக் குறைத்தார்கள். எத்தனையோ ஏழைகளுக்குப் பார்வை கிடைத்தது. இதுவும் புத்தாக்கமே!

மச்சானை ஒருவாறு இணங்க வைத்தேன். கட்டணத்திற்காக அக்கா தம் வளையல்களை விற்றார். அன்று முதல் அந்தப் படிப்பு வீணாகிவிடக் கூடாதே என்ற அச்சம் எனக்கும் சேர்ந்து கொண்டது.

இரண்டாம் ஆண்டில் கல்லூரியில் ஒரு பயிற்சி தந்தார்கள். எதையும் விற்காமல், கடை கடையாகச் சென்று, “உங்களுக்கு எது தொல்லை?” என்று மட்டும் கேட்டு எழுதி வர வேண்டும். மருமகன் அண்ணனூரிலிருந்து ஆவடி வரை பேக்கரிகளையும் பரோட்டாக் கடைகளையும் சுற்றினான். பலரும் ஒரே குறையைச் சொன்னார்கள். மாவு பிசையும் இயந்திரத்தில் புஷ் தேய்ந்துவிட்டால், மாற்றுப் பொருள் வருவதற்குள் பல நாள் வியாபாரம் கெடுகிறது. அன்றிரவு அவன் தந்தையிடம் தேய்ந்த புஷ் ஒன்றைக் காட்டினான். மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுவா? ஒரு மணி நேர வேலை” என்றார்.

அதே ஆண்டில் பட்டறையின் கணக்குகளை எடுத்து எழுதினான். பத்து ரூபாய் வருவாயில் ஒன்பது ரூபாய் ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது. அந்தப் பணமோ நான்கு மாதம் கழித்தே கைக்குக் கிடைத்தது. குறு, சிறு தொழில் செய்வோருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். இருபது ஆண்டு தொழில் செய்த மச்சானுக்கு இது தெரியாது. வகுப்பில் படித்த மகனுக்குத் தெரிந்தது. தாமதத்திற்கு வட்டி கோரவும் அச்சட்டம் இடமளிக்கிறது. “வட்டி நமக்கு வேண்டாம். உழைத்த காசு உரிய நாளில் வந்தால் போதும்” என்றார் மச்சான். உத்யம் பதிவைச் சரி செய்து, நயமாக ஒரு கடிதம் எழுதினார்கள். நிலுவையில் பாதி வந்தது. மீதிக்காக இன்னும் நடந்து கொண்டிருக்கிறார்கள்.

மருமகன் 2025இல் படிப்பை முடித்தான். பட்டறை மாளிகையாகிவிடவில்லை. கடைகளுக்கான வேலை இன்னும் சிறு வருவாய்தான். ஆனால் ஆறு தொழிலாளர்களில் ஒருவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ்! “டிப்ளமோவும் படித்திருக்கலாம்” என்று மச்சான் இன்றும் சொல்வதுண்டு. ஆனால் கணக்கேட்டை மகனிடம் கேட்டுத்தான் புரட்டுகிறார்.

பெற்றோர்களே! பெயரில் புதுமை இருப்பதாலேயே எந்தப் படிப்பும் சோறு போடாது. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்பும் ஏ.ஐ.சி.டி.இ. எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகார வரம்பிற்குள் வந்துள்ளது. சேர்க்குமுன் அந்த அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பிள்ளைகளைக் கடைவீதிக்கும் பட்டறைக்கும் அனுப்பிக் கற்பிக்கிறார்களா என்று கேளுங்கள். அதே வேளையில், “வியாபாரத்திற்குப் படிப்பு எதற்கு?” என்று நான் சொன்ன தவற்றை நீங்களும் சொல்லாதீர்கள்.

மதீனாவிற்கு வெறுங்கையுடன் ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், தமக்குப் பாதிச் செல்வத்தைத் தர முன்வந்த அன்ஸாரித் தோழரிடம் கடைவீதிக்கு வழி காட்டும்படி மட்டுமே கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கினார்கள். கையேந்தாமல், சந்தை எங்கே, அங்கே தேவை என்ன என்று கேட்டறிவதே வணிகத்தின் முதல் பாடம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் மதரஸாவில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பெரிய மாணவர்களுக்கு அரை மணி நேரம் வரவு செலவு எழுதக் கற்பிக்கிறோம். பாடம் நடத்துபவன் என் மருமகன். கடைசி வரிசையில் ஒரு குறிப்பேட்டுடன் நானும் அமர்ந்திருக்கிறேன்.