ஓபி சீட்டில் ஒரு கோடு

அம்பத்தூர் இன்னும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த காலம். மேனாம்பேட்டிலிருந்து ஒரு பெண், இடது காலில் இறுக்கமான உறையோடு, என் வக்கீல் அலுவலகப் படிகளை நின்று நின்று ஏறி வந்தார். வயது இருபத்தாறு, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தையல் வேலை. மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை என்று போனவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது ட்ரோஸ்பைரினோன் சேர்ந்த கருத்தடை மாத்திரை. மூன்றாம் மாதம் கெண்டைக்கால் வீங்கியது. மெஷின் மிதித்த பிடிப்பு என்று வீட்டில் தைலம் தேய்த்திருக்கிறார்கள். மூச்சு வாங்கிய பிறகுதான் ஸ்கேன். காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி. அதில் ஒரு துணுக்கு நுரையீரல்வரை போயிருந்தது.

"மாத்திரையால ரத்தம் எப்படி சார் உறையும்?"

எனக்கே புரிய ஒரு வாரம் ஆனது. மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் உறைவுக் காரணிகளின் உற்பத்தியைக் கூட்டுகிறது. உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரோட்டீன் எஸ்ஸைக் குறைக்கிறது.

டாக்டர்மேல் வழக்குப் போடத் தயாரானபோது, ஷெரிங் உள்ளிட்ட மாத்திரைக் கம்பெனிகள்மேல் பெண்கள் போட்ட வழக்கில் 2002-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. பழைய மாத்திரையைவிடப் புதியதில் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று காட்டியாக வேண்டும். நீதிபதி மெக்கேயின் கணக்கில் வந்தது 1.7. வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன், வந்தார்.

ஆனால் அங்கே ஒப்பிட்டது மாத்திரையோடு மாத்திரையை. எங்கள் கேள்வி, மாத்திரையே போடாதிருந்தால் என்ன என்பது. ஐரோப்பிய மருந்து முகமையின் மதிப்பீட்டில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் மாத்திரை போடாதவர்களில் 2 பேருக்குக் கட்டி வரும். இந்த வகை போடுபவர்களில் 9 முதல் 12 பேருக்கு. பிள்ளை பெற்ற சில வாரங்களில் ஆபத்து இதைவிட அதிகம் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். உண்மைதான், நான் மறுக்கவில்லை.

நான் பிடித்துக்கொண்டது ஓபி சீட்டை. எடை, பிரஷர், கடைசியாகக் குளித்த தேதி எல்லாம் இருந்தன. குடும்ப நோய்கள் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு. இவருடைய அம்மா, பிரசவமான பதினைந்தாம் நாள் இதே போல் கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் என் கட்சிக்காரர், கூண்டில். சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும் என்ற 2008-ஆம் ஆண்டு சமீரா கோலி தீர்ப்பும் கைகொடுத்தது. கேட்டதில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது.

காசோலை வாங்க வந்த அன்று பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். "ஆடித் திருவிழாவுக்கு நாள் தள்ளிப்போக தங்கச்சி வாங்கியிருக்கா சார். சீட்டு கூடக் கேக்கலையாம். இதுவும் அந்த மாதிரிதானா?"

கத்தரியால் வெட்டிய ஆறு மாத்திரை. மருந்தின் பெயரில் 'நோரெ' வரைதான் இருந்தது.