மண்ணுக்கும் ஒரு சரிதம்

நிலத்தின் பாறைகளையும் படிவுகளையும் ஆராயும் கலையை நம் பாடநூல்கள் புவிச்சரிதவியல் என்று வழங்குகின்றன. பொருத்தமான பெயர். மன்னர்க்கும் புலவர்க்கும் சரிதம் உண்டென்று கற்கும் நாம், காலின்கீழ்க் கிடக்கும் மண்ணுக்கும் அஃது உண்டென்பதை எண்ணுவதில்லை.

இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறைகளாலானது. புத்தளந்தொட்டு மன்னார் வழியாக யாழ்ப்பாணக் குடாநாடுவரை நீளும் கரையோரச் சமவெளியோ வேறு. புவிச்சரிதவியற் படத்தில் அதற்குத் தனி நிறம். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமற்ற கடலடியில் சிப்பிகளும் முருகைகளும் படிந்து இறுகிய மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் அது. வேலண்ட், டேவிஸ் என்னும் அறிஞர் இருவர் 1923 இல் இப்படிவுகளை விரிவாக ஆராய்ந்து எழுதினர்.

இத்தகைய படம் மேசையிலிருந்து வரையப்படுவதன்று. கற்குழி, கடற்கரை, கிணறு என ஒவ்வோரிடமும் சென்று அடுக்குகளைக் கண்டு குறிக்கவேண்டும். ஒருமுறை மாணவரைக் கிணறு வெட்டுமிடமொன்றுக்கு அழைத்துச் சென்றேன். மேலே செம்மண், அதன்கீழே வெண்கல். சிப்பியின் அச்சுப் பதிந்த துண்டொன்றை ஏந்திய மாணவன், “சேர், கடல் இங்கேயா இருந்தது?” என்று வியந்தான். பாடநூலின் பத்துப் பக்கங்கள் செய்யாததை அக்கல் செய்தது.

வடமராட்சி கிழக்கிலே மணற்காட்டுப் பக்கம் சென்றால் இச்சரிதத்தின் பிந்திய அத்தியாயத்தைக் காணலாம். அங்குள்ள மணற்குன்றுகள் காற்று எழுதியவை. கல்லின் வெடிப்புகளும் மணலின் இடைவெளிகளும் மாரி மழையை உள்வாங்குகின்றன. வற்றாத ஆறொன்றில்லாத குடாநாட்டுக்கு அந்நீரே உயிர். உவர்நீரிலும் இலேசான நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது விதி. மேலே ஓரடி குறையின், கீழிருந்து உவர் அவ்வளவுக்கு ஏறிவரும்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. மழையைத் தாங்கும் மணலையும் வண்டி வண்டியாக அள்ளுகிறோம். ஆதலின், அப்படத்தின் நிறங்கள் பரீட்சைக்கு மட்டும் உரியனவல்ல. நம் கிணறுகளின் வரவு செலவுக் கணக்கு அவற்றிலேதான் எழுதப்பட்டிருக்கிறது. வீடு கட்டுவோரும் தோட்டஞ் செய்வோரும் அதனை ஒருமுறையேனும் விரித்துப் பார்த்தல் நன்று.