மெய்க்கீர்த்தி வேண்டாத முதலாளி

கம்பெனிகளுக்கு உள்சுற்று இதழ் தயாரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஊழியர் பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண், பாதுகாப்பு வாரக் கட்டுரைப் போட்டி, ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்ட படம், முதல் பக்கத்தில் எம்.டி. பேட்டி. மற்ற பக்கங்கள் தாமாக நிரம்பிவிடும். முதல் பக்கம்தான் இழுத்தடிக்கும். ‘அடுத்த இதழ்ல பாத்துக்கலாமே’ என்று எம்.டி.யின் உதவியாளர் சொல்லும் குரலை வைத்தே, அந்த மனிதர் எந்த ரகம் என்று சொல்லிவிடலாம்.

வெளிச்சத்துக்கு வராத முதலாளி நம் ஊருக்குப் புதிதல்ல. ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்து, 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்சன் கம்பெனியின் தலைமைக்கு உயர்ந்தவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். 1938இல் அமால்கமேஷன்ஸ் குழுமத்தை உருவாக்கினார். 1960இல் டிராக்டர் செய்யும் டாஃபே வந்தது. மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும், ‘தி மெயில்’ மாலைப் பத்திரிகையும் அந்தக் குழுமத்தின் கையில் இருந்தன. சொந்தமாகப் பத்திரிகை இருந்தும், விளம்பரத்துக்கு ஒதுங்கும் குழுமம் என்றே இன்றுவரை அதற்குப் பெயர். ஸ்பெயினில் ஸாரா துணிக்கடைகளை நிறுவிய அமான்சியோ ஒர்த்தேகாவின் புகைப்படம்கூட 1999 வரை வெளியானதில்லை. கம்பெனி பங்குச் சந்தைக்குப் போகவிருந்த சமயத்தில்தான் ஆண்டறிக்கையில் முகம் காட்டினார்.

எனக்கு வாய்த்தவர் அவ்வளவு பெரியவர் இல்லை. அம்பத்தூரில் பம்புகளுக்கு வார்ப்பு உதிரிகள் செய்யும் ஃபவுண்டரி. செஞ்சிப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர். சென்னை ஆபீஸில் பிடி கொடுக்காதவர், “திருவிழாவுக்குச் சித்தாமூர் வருவேன், அங்க வாங்க தம்பி” என்றார்.

மேல்சித்தாமூர், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இங்கேதான். ஒரு பாறையை ஒட்டி மல்லிநாதர் கோயில். பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், அம்பிகை சிற்பங்கள். இன்னொன்று பெரிய கோபுரத்தோடு பார்சுவநாதர் கோயில். எதிரே நிற்கும் மானஸ்தம்பத்தைப் பார்த்தாலே செருக்கு அடங்கும் என்பார்கள். பேட்டிக்கு உகந்த இடமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

திருவிழாவன்று கோயில் மண்டபத்தில் அவரை யாரும் எம்.டி. ஆக்கவில்லை. வருகிறவர்கள் ‘மாமா, எப்ப வந்தீங்க?’ என்றார்கள். ஒரு கிழவி அவருடைய தாத்தா பேரைச் சொல்லி, ‘அவர் பேரன்தானே நீ?’ என்று கேட்டுவிட்டுப் போனார்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க சார்.”

“என்னைப் பத்தி என்ன இருக்கு தம்பி? படிச்சேன், பட்டறை வெச்சேன், ஓடிட்டிருக்கு.”

பேட்டி அதோடு முடிந்திருக்கும். கேள்வியை மாற்றினேன். வார்ப்பில் விரிசல் இருந்தால் எப்படித் தெரியும்? அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொக்கியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டணும், நல்ல வார்ப்பு கணீர்னு கேட்கும், உள்ளே பிளந்திருந்தா மொட்டையா கேட்கும் என்றார். சோதனை மெஷின் வாங்குவதற்கு முன்னால், பட்டறையின் அடுத்த முனையிலிருந்தே சத்தத்தைக் கேட்டு ‘அதைத் தனியா வையி’ என்று சொல்லும் மோல்டர் ஒருவர் இருந்தாராம். மெஷின் வந்த பிறகு அவர் ஒதுக்கியவற்றை அதில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். “மெஷினும் அதையேதான் சொல்லுச்சு. ஆனா மெஷினுக்குத்தான் நாங்க மாலை போட்டோம்” என்று சிரித்தார். மணல் ஈரம் கூடினால் என்ன ஆகும், இரும்பு ஊற்றுகிறவன் கை ஒரு நொடி தயங்கினால் என்ன ஆகும் என்று பேச்சு வளர்ந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று வீட்டார் கூப்பிட்டதால்தான் எழுந்தார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுதி அனுப்பிய படி சிவப்பு மையோடு திரும்பியது. கம்பெனியின் மக்கள் தொடர்புத் துறை ஆசையாகச் சேர்த்திருந்த ‘தொலைநோக்காளர்’, ‘ஓயா உழைப்பாளி’ எல்லாம் அடிபட்டிருந்தன. ஓரத்தில் அந்த மோல்டரின் பெயர் இனிஷியலோடு. கூடவே பேட்டர்ன் செய்தவர் பெயரும். அதுவரை எனக்கு மகிழ்ச்சிதான். இன்னொரு பத்தியும் அடிபட்டிருந்தது. ஆர்டர் வற்றிய ஆண்டில் ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுத்தியதைப் பற்றிய பத்தி அது. போன் போட்டுக் கேட்டேன்.

“விளம்பரம் வேணாம்னு சொன்னேனே தம்பி.”

“இது விளம்பரம் இல்லையே சார்.”

சங்கோஜமும் மூடிமறைத்தலும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வரும். பிரித்துப் பார்ப்பதுதான் பேட்டி எடுப்பவன் வேலை. சட்டமும் அதைத்தான் செய்கிறது. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனியின் தலைவர் பேட்டியே கொடுக்காமல் காலம் தள்ளலாம். ஆனால் காலாண்டுக் கணக்கை வெளியிட்டே ஆக வேண்டும். இயக்குநரின் சம்பளம் ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். ஓரளவுக்கு மேல் லாபம் வரும் கம்பெனிகள் கடைசி 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறை. அதற்கும் அறிக்கை உண்டு. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று வளர்ந்தவருக்கு இது கசக்கும். சொந்தப் பணத்தில் கொடுப்பதை அவர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனிப் பணம் அவருடைய வலது கை இல்லை.

இதையெல்லாம் யோசிக்க நம் கல்வெட்டுகளே போதும். செஞ்சியை ஒட்டிய திருநாதர் குன்றில், பாறையில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு இருக்கிறது. பெயர், நாள் கணக்கு, இது அவருடைய இடம் என்ற செய்தி. அவ்வளவுதான். புகழ்ச்சி ஒரு சொல் இல்லை. இதற்கு எதிர்முனை ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி. எந்தெந்த நாட்டை வென்றார் என்ற பட்டியலோடுதான் கல்வெட்டே தொடங்கும். நம் மக்கள் தொடர்புத் துறைக்கு அதுதான் குலதெய்வம். ஆனால் அதே தஞ்சைப் பெரிய கோயில் சுவரில், கோயில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், யாருக்கு எந்தத் தெருவில் எந்த வீடு என்பதும் இருக்கின்றன. யார் என்ன கொடுத்தார்கள், எடை எவ்வளவு என்ற கணக்கும் இருக்கிறது. மெய்க்கீர்த்தியைச் சீவித் தள்ளினாலும் அந்தச் சுவர் நிற்கும். கணக்கைச் சீவினால், மிஞ்சுவது வெறும் ஆரவாரம்.

இந்த அளவுக்கு அவரிடம் நான் நீட்டி முழக்கவில்லை. “முதல்ல அடிச்சதெல்லாம் உங்களைப் பத்தினது, அது உங்க உரிமை. இது வேலை போனவங்களைப் பத்தினது” என்றேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, இருக்கட்டும். எத்தனை பேரைத் திரும்பக் கூப்பிட்டோம்னு மட்டும் போடாதீங்க, அது பெருமை மாதிரி ஆயிடும். கூப்பிட முடியாதவங்க எத்தனைங்கறதையும் சேத்துப் போடுங்க” என்றார். இரண்டு எண்ணும் அச்சில் வந்தன. அவர் படம் வரவில்லை. முதல் பக்கத்தில் அந்த மோல்டர், கையில் சுத்தியலோடு.

பேட்டி வேண்டாம் என்கிறவர்களிடம் இப்போது நான் மல்லுக்கு நிற்பதில்லை. ‘உங்கள் படம் வேண்டாம், பாராட்டு வேண்டாம், பிறந்த ஊர்கூட வேண்டாம், போன வருஷம் கம்பெனியில் என்ன நடந்தது, அதை மட்டும் சொல்லுங்கள்’ என்கிறேன். பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். அதற்கும் வாய் திறக்காதவரைச் சங்கோஜி என்று நான் எழுதமாட்டேன்.