பழைய கார் வாங்குமுன் கேட்ட புத்திமதிகள்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவனுக்கு ஓய்வின்போது கையில் கிடைக்கும் தொகை எவ்வளவாக இருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்வார்கள். அந்தத் தொகையில் ஒரு பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது வீட்டில் எழுந்த எதிர்ப்பைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.

ஆசைக்குக் காரணம் உண்டு. 1960களின் நடுப்பகுதியில், நான் அரைக்காற்சட்டையோடு பள்ளிக்கூடம் போய்வந்த நாட்களில், எங்கள் வீதியால் வைத்தியர் ஒருவர் கரும்பச்சை நிற எம்.ஜி. காரில் போய்வருவார். இரண்டே இருக்கைகள், கூரையில்லை. அவர் போய்ப் புழுதி அடங்கும்வரை நாங்கள் வேலியோரம் நிற்போம். அப்படியொரு காரைச் சொந்தமாக வைத்திருப்பது என்பது அன்றைக்கு நினைத்துப் பார்க்கவும் துணியாத காரியம். எழுபதை நெருங்கும் வயதில் துணிவு வந்தது. ஆனால் பத்திரிகைக்காரனின் பழக்கம் விடாதல்லவா? நாலு பேரை விசாரிக்காமல் ஒரு வரி எழுதக்கூடாது என்று பழகியவன், விசாரிக்காமல் கார் வாங்குவேனா?

முதலில் கொழும்பில் இருக்கும் நண்பரிடம் கேட்டேன். பழைய கார்களைச் சேர்ப்பதிலும் திருத்துவதிலும் ஓட்டுவதிலும் தம் சம்பாத்தியத்தைக் கரைத்தவர். நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவரை நிறுத்த முடியாது. அவர் பொறுமையாக எனக்கு வகுப்பெடுத்தார். எம்.ஜி. என்பது மொறிஸ் கராஜஸ் என்ற பெயரின் சுருக்கம். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1955 முதல் 1962 வரை எம்.ஜி.ஏ. ஒரு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதன்பின் வந்த எம்.ஜி.பி. 1980 வரையில் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. எம்.ஜி.ஏ.யில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. இலங்கைக்கு வந்தவை கொஞ்சம். இப்போது வெளியிலிருந்து கொண்டுவரலாமா என்றால், இறக்குமதி வாகனங்களுக்கு வயதெல்லை இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தபோதும் அறுபது வயதுக் காருக்கு அக்கதவு திறக்கவில்லை. ஆகவே நாட்டுக்குள் இருக்கும் சிலவற்றில் ஒன்று விலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தால் கேட்கும் விலை என் ஓய்வுத் தொகையைப்போல் பல மடங்கு.

இவ்வளவையும் சொல்லி என்னைத் தரையிலே இருத்திவிட்டு, அவரே கை கொடுத்தும் தூக்கினார். 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், 1961இல் வந்த எம்.ஜி. மிஜெற் ஆகிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சின் வேறெதுவுமல்ல, மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் ஏ 35இலும் இருந்த அதே 948 சீசீ எஞ்சின்தானாம். ஒரு காபுரேற்றருக்குப் பதிலாக இரண்டு, அவ்வளவே. ஸ்பிறைற்றின் ஸ்ரியறிங் மொறிஸ் மைனரினுடையது. "கூரையை மறந்துவிட்டால் மைனரும் ஸ்போர்ட்ஸ் கார்தான். முதலில் அதில் பழகுங்கள். உங்கள் ஊரில் இல்லாத மைனரா?" என்றார்.

எங்கள் ஊரில் இருந்தது உண்மைதான். யாழ்ப்பாணத்தையும் பழைய பிரித்தானியக் கார்களையும் பிரித்துப் பேச முடியாது. ஏ 40, சோமசெற், கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்தவை, பின்னர் புதியவை வருவது குறைந்ததால் கைவிடப்படாமல் பேணப்பட்டன. 1977க்குப் பின் யப்பானிய வாகனங்கள் வந்தன. போர் வந்தபோதோ யப்பானியக் கார்கள் படுத்துவிட்டன, கிழட்டு ஒஸ்ரின்கள் எழுந்து ஓடின. புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இது கட்டுக்கதையாகத் தோன்றலாம். எனவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடுக்கப்பட்டது. களவாக வந்த போத்தல் பெற்றோல் பொன் விலை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாகக் கிடைத்தது. நான் பணியாற்றிய பத்திரிகை பொதி சுற்றும் தாளில் அச்சான நாட்கள் அவை. அந்த மண்ணெண்ணெயில்தான் கார் ஓடியது. தாங்கியில் மண்ணெண்ணெய், சாரதியின் கையில் மருந்துப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல். காபுரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறும்வரை விட்டுவிட்டுத் துளி கொடுக்க வேண்டும். சூடேறிய பின் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியத் தொடங்கும். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுவதும் நிறையும். அந்த வாசம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

ஏன் ஒஸ்ரினுக்கு இயன்றது, யப்பானியனுக்கு இயலவில்லை? இதைச் சுன்னாகப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் விளக்கினார். அவரே எனது இரண்டாவது ஆலோசகர். பழைய எஞ்சினில் எரிபொருளும் காற்றும் நசுக்கப்படும் அளவு குறைவு, ஏறத்தாழ ஏழில் ஒன்று. மண்ணெண்ணெய் அதைத் தாங்கும். அதைவிட அதிகமாக நசுக்கும் எஞ்சினில் அது நேரம் தவறி வெடித்து, பிஸ்ரனை அடித்து நொறுக்கிவிடும். இது எங்கள் கண்டுபிடிப்புமல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் பேகுசன் உழவு இயந்திரங்கள் பெற்றோலில் ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெய்க்கு அண்ணன் முறையான ஓர் எண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டன. வித்தியாசம் என்னவென்றால் அங்கே அதைத் தொழிற்சாலை செய்தது. இங்கே பத்தாம் வகுப்போடு நின்ற பையன்கள் செய்தார்கள்.

"ஆனா அண்ணை, வாங்கேக்க அதைத்தான் முதல் பாக்கோணும்" என்றார் அவர். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் ஓரமாக வழிந்து ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் நீர்த்துப்போனால் பெயாரிங்குகள் தேயும். அப்படி ஐந்து, ஆறு வருடம் ஓடிய எஞ்சின் பின்னர் பிரித்துப் பூட்டப்பட்டதா என்று கேட்க வேண்டும். இக்காலப் பெற்றோலில் ஈயம் இல்லையாதலால் வால்வு இருக்கைகளைக் கடின உலோகத்தில் மாற்றியிருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். இல்லையென்றாலும் பயப்படத் தேவையில்லையாம். எஞ்சினை எப்போதும் செய்யலாம், உடம்பைத்தான் செய்ய முடியாது என்பது அவருடைய முடிந்த முடிவு.

உடம்பு என்றால் கறள். குடாநாட்டில் எந்தத் திசையில் நடந்தாலும் சில கல் தொலைவில் கடல். பருத்தித்துறையிலும் குருநகரிலும் நின்ற காரை உப்புக்காற்று உள்ளிருந்து தின்றிருக்கும். மேலே வர்ணம் பளபளக்கும். ஆகவே ஒரு காந்தத் துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். கதவின் கீழ்ப்பக்கம், மட்காட்டின் விளிம்பு, காலடித் தகடு, பின் வில்லுகள் பூட்டப்பட்டிருக்கும் இடம் ஆகியவற்றில் வைத்துப் பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடில்லை, பட்டிதான் இருக்கிறது.

மைனருக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கையும் தந்தார். முன்சில்லைத் தாங்கும் கீழ் மூட்டு மரையில் சுழல்வது. அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் சில்லு மடிந்து கார் முழங்காலில் விழுந்துவிடும். "எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காதேங்கோ. கீழ குனிஞ்சு அந்த நிப்பிளைப் பாருங்கோ. புதுக் கிறீஸ் இருந்தா அந்த மனிசன் காரைப் பிள்ளையாப் பாத்தவன்" என்றார். எத்தனையோ அமைச்சர்களைப் பேட்டி கண்டிருக்கிறேன். இவ்வளவு உபயோகமான ஒரு வாக்கியம் அவர்களிடமிருந்து கிடைத்ததில்லை.

உதிரிப்பாகங்களுக்கு என்ன செய்வது என்று லண்டனில் வசிக்கும் மைத்துனரைத் தொலைபேசியில் கேட்டேன். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1948இல் கார் வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்னர் அது ஒடுக்கமாக இருக்கிறது என்று கருதி மாதிரிக் காரை நெடுக்காக வெட்டிப் பிளந்து நாலு அங்குலம் அகட்டினார் என்ற கதையை அவர் சொன்னார். மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட காராதலால் அங்கே இன்றும் எல்லாம் கிடைக்கிறதாம். அவர் சொன்ன இன்னொரு செய்தி என்னைச் சற்று நேரம் பேசாமல் இருக்கவைத்தது. பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களில் ஒரு சிங்களத் தொழில்முனைவரோடு சேர்ந்து இலங்கையின் தென்பகுதியில் மைனர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையை ஏற்படுத்தி, அங்கிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதே ஆண்டுகளில், அதே தீவின் வடக்கில், எண்ணெய்ப் பீப்பாத் தகட்டை வெட்டித் தட்டி மைனருக்கு மட்காட் செய்துகொண்டிருந்தார்கள். இரு சாராரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை.

நான்காவது ஆலோசகர் சட்டத்தரணி. அவரிடம் காரைப் பற்றிய ஆர்வம் எதுவுமில்லை. புத்தகத்தைப் பற்றி மட்டுமே பேசினார். யாழ்ப்பாணத்தில் கார் இருக்கும், கார்ப் புத்தகம் இருக்காது. இடப்பெயர்வில் தொலைந்திருக்கும், அல்லது உரிமையாளர் கனடாவில் இருப்பார், அல்லது இறந்திருப்பார், நாலு பிள்ளைகள் நாலு நாட்டில் இருப்பார்கள். ஒப்பமிட்ட வெற்றுப் பத்திரத்தை நம்பி வாங்கியவர் பலர் அவரிடம் வந்து அழுதிருக்கிறார்களாம். எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம் என்றார்.

இத்தனை அறிவோடும் ஒரு காந்தத்தோடும், கோப்பாய்ப் பக்கத்தில் மைனர் வைத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். வயது எண்பதைத் தாண்டியவர். கார் அவருடைய தகப்பனார் 1958இல் வாங்கியது. ஸ்ரீ இலக்கத் தகடு. இளைய வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: சிங்கள ஸ்ரீ எழுத்தை வாகன இலக்கங்களில் கட்டாயமாக்கியபோது, தமிழரசுக் கட்சியினர் 1958இல் அதை எதிர்த்துத் தமிழ் ஸ்ரீ பொறித்து வாகனம் ஓட்டினர். தெற்கில் தமிழ் எழுத்துகள் மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது, மே மாதம் கலவரம் வந்தது. மாஸ்ரரின் தகப்பனாரும் புத்தம்புதுக் காரின் தகட்டைச் சுரண்டித் தமிழில் எழுதி ஓட்டியவராம். பழைய தகட்டை மாஸ்ரர் எடுத்துவந்து காட்டினார். பூச்சின் கீழே இரண்டு எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

காந்தம் பெரும்பாலும் ஒட்டியது. இடப்பக்கக் காலடித் தகட்டில் மட்டும் ஒட்டவில்லை. குனிந்து பார்த்தேன், நிப்பிளில் புதுக் கிறீஸ் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வெளியேறியபோது, இந்தக் காரில் தாயாரையும் அயல்வீட்டு நோயாளி ஒருவரையும் ஏற்றிக்கொண்டு செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்திருக்கிறார். எஞ்சினை நிறுத்தினால் திரும்ப ஸ்ராட் செய்யப் பெற்றோல் துளி இல்லை என்பதால் சனத்தோடு சனமாகப் பிள்ளைகள் தள்ளிக்கொண்டே போனார்களாம். அந்த இரவில் நானும் அதே வீதியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். அங்கே பல கார்கள் நின்றன. இதைக் கண்டேனா என்று சொல்ல முடியாது.

2002இல் ஏ9 பாதை திறந்த பின்னும், 2009க்குப் பின்னும் தெற்கிலிருந்து ஆட்கள் வந்து நல்ல விலை கேட்டார்களாம். அவர் கொடுக்கவில்லை. இப்போது பார்வை மங்கிவிட்டது. எனக்குச் சொன்ன விலை அவர்கள் கேட்டதிலும் குறைவு. காரணத்தைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னையே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, உங்கட பிள்ளையள் எங்கை?"

ஒரே மகள், ரொறன்ரோவில் என்றேன்.

"அப்ப நீங்களும் போயிடுவியள்."

மகள் இரண்டு ஆண்டுகளாகச் சுப்பர் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். படிவங்கள் என் மேசையில் கிடக்கின்றன. மனைவிக்குப் போக விருப்பம். எனக்கு அங்கே ஆறு மாதப் பனியில் என்ன செய்வதென்று தெரியாது. நாலு பேரிடம் புத்திமதி கேட்டேனே, அவர்களில் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மாஸ்ரரிடம் ஒரு கிழமை தவணை கேட்டுக்கொண்டு வீடு திரும்பினேன்.

அன்றிரவு மனைவியோடு நெடுநேரம் பேசினேன். வருடத்துக்கு மூன்று மாதம் மகளோடு, மிகுதிக் காலம் இங்கே என்று முடிவாயிற்று. மகள் தொலைபேசியில் கொஞ்சம் அழுதாள். பிறகு காரின் நிறம் என்ன என்று கேட்டாள்.

மறுநாளே போய் அதையும் ஒளிக்காமல் சொன்னேன். மாஸ்ரர் யோசித்தார். அந்த மூன்று மாதமும் கார் தம்முடைய கொட்டிலிலேயே நிற்கட்டும், கிழமைக்கொருக்கால் ஸ்ராட் செய்து கிறீஸ் அடிக்கப் பேரனிடம் சொல்லுகிறேன் என்றார். முற்பணமாக 50,000 ரூபாய் கொடுத்தேன். சட்டத்தரணியின் சொற்படி புத்தகத்தையும் இரு இலக்கங்களையும் ஒப்பிட்டாயிற்று, பொருந்துகின்றன. அடுத்த திங்கட்கிழமை மெக்கானிக் வந்து காலடித் தகட்டைப் பார்க்கிறார். மண்ணெண்ணெயைப் பற்றி விளையாட்டாகக் கேட்டதற்கு, 2022 ஓகஸ்ற்றில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோதே அந்த ஆறுதலும் போய்விட்டது, பெற்றோலே அடியுங்கோ என்றார்.